அப்புறம் போட்டுக்கலாம்

“கழற்றிப் பாருய்யா! உள்ள ஒரு சாமானாவது புதுசாச் சேர்த்திருந்தா, ஒரு பக்க மீசையை எடுத்துக்கறேன்!”

கம்ப்யூட்டர் கடை மெக்கானிக்கின் மேசையில் சிபியுவைத் தொம்மென்று இறக்கினார் அந்த மனிதர்.

நாற்காலியில் காத்திருந்த தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூட லேபுக்குப் பத்து கம்ப்யூட்டர் ஆர்டர் கொடுக்க வந்தவர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான்.

“என்ன சார் விஷயம்?” என்றார், பஞ்சாயத்து தானாகத் தேடி வந்த சந்தோஷத்தில்.

“கேளுங்க மேடம். ரெண்டு மாசம் முன்னாடி இவன்கிட்ட சாமான் வாங்கி, என் கையால நானே பூட்டின மெஷின். இப்போதைக்குச் சிக்கனமா, ஆனா பின்னாடி வளர்த்துக்க இடம் விட்டு. மதர்போர்டுல ராம், அதான் வேகம் குடுக்கற மெமரி அட்டை, சொருக நாலு இடம் இருக்கு. ஒண்ணு போட்டேன். மீதி மூணு?”

“அப்புறம் போட்டுக்கலாம்” என்றான் மெக்கானிக், பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி.

பெட்டி பெரிசு, உள்ளே பாதி காலி. எதைக் கேட்டாலும் ‘அப்புறம்’ என்றதால், அவருக்கு அந்தக் கடையில் ‘அப்புறம் சார்’ என்றே பெயர்.

“அதேதான்! ஆனா இவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘ஒரு ராம் பத்தாது சார், மெஷின் திணறும், இன்னொண்ணு போடுங்க’ன்னான். முதல்ல திணறத்தான் செஞ்சுது, ஒத்துக்கறேன். நான் விட்டேனா? வேண்டாத ஃபைலை எல்லாம் அழிச்சேன், தூசி தட்டினேன், அதைத் திருத்தி இதைத் திருத்தி... போன செவ்வாக்கிழமையிலேருந்து பறக்குது மேடம்!”

கடை மானிட்டரில் ஒயரைச் சொருகி, ஒரே மூச்சில் பதினைந்து பக்கங்களைத் திறந்து காட்டினார். ஒன்றுகூடத் திக்கவில்லை.

“ஏம்ப்பா, தேவையில்லாததை இவர் தலையில கட்டப் பார்த்தியா?”

மெக்கானிக் பிடரியைச் சொறிந்தான். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் மேடம்.”

“வாயால சொன்னா போதாது. கழற்றிக் காட்டு. ஒத்தை ராம்தான் இருக்குன்னு மேடம் கண்ணால பாக்கட்டும்!”

மெக்கானிக்கின் கை மெல்லப் போய்ப் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டது.

“வேணாம் சார். ஸ்க்ரூடிரைவர் இல்ல.”

அவன் சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூடிரைவர்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

“இதெல்லாம் என்னவாம்?” என்றார் தலைமையாசிரியை.

“இது... வேற சைஸ் மேடம்.”

கம்ப்யூட்டர் கடையில் ஸ்க்ரூடிரைவர் இல்லையாம். சலூனில் கத்தரிக்கோல் இல்லையாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அப்படிச் செய்வது அவர் வழக்கம்.

“சார், நீங்க எங்க வேலை பாக்கறீங்க?”

அதுவரை கடையை அதிரவைத்த குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“கம்பெனியை மூடிட்டாங்க மேடம். ஏழு மாசமா வீட்லதான். இன்டர்வியூவுக்குப் போறேன், வர்றேன். இந்த வயசுல யாரு எடுக்கறாங்க?”

“நான் எடுக்கறேன். எங்க லேபைப் பாத்துக்க ஆள் இல்ல. திங்கட்கிழமை வந்து சேருங்க. பத்து மெஷினுக்கும் வேற கடையில சாமான் வாங்கி நீங்களே பூட்டிருங்க. எனக்கு நேர்மையானவங்கதான் வேணும்.”

கடைசி வாக்கியத்தை மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார்.

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக்கோ, பத்து கம்ப்யூட்டர் ஆர்டர் கையைவிட்டுப் போகிறதே என்ற கவலை கொஞ்சமும் இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். போதாததற்கு, சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வண்டியில் வைத்துவிட்டும் வந்தான். சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார் தலைமையாசிரியை.

தெருமுனைக்குப் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. அலுத்துக்கொண்டே திரும்பினார்.

கடைக்குள் மெக்கானிக் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“திறக்க விடவே இல்லம்மா, கையை வச்சு அமுக்கிட்டேன். போன செவ்வாக்கிழமை உங்க வீட்டுக்காரர் இன்டர்வியூவுக்குப் போயிருந்த நேரத்துல, நீங்க கொண்டாந்து போடச் சொன்னீங்களே, அந்த ரெண்டாவது ராம்... அது உள்ள இருக்கறது சாருக்கு இன்னும் தெரியாது.”

வாசற்படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

“அட, அழாதீங்கம்மா! தன் கையால சரிபண்ணினேன்னு நினைச்சு ஏழு மாசத்துல இப்பத்தான் சிரிக்கறாருன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப வேலையும் கிடைச்சாச்சு. உள்ள ஒயரெல்லாம் என்ன நேர்த்தியாக் கட்டியிருந்தார் தெரியுமா? லேபை நல்லாப் பாத்துப்பார்... என் ஆர்டரா? அது கிடக்குதும்மா... என்னது, ராம் விஷயத்தை அவர்கிட்ட எப்பச் சொல்றதா?”

மெக்கானிக் சிரித்தான்.

“அப்புறம் சொல்லிக்கலாம்மா!”