கட்டில் காலுக்குப் போட்ட கட்டு

அவிழ்ப்பதற்கு முன்னால் நர்சுப் பெண் அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது. பச்சைத் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிய கட்டு. உள்ளே அவருடைய வலது பாதம். நேற்று உப்பளத்தில் துருப்பிடித்த தகரம் கிழித்தது.

"அசையாதீங்க மாமா."

ஆஸ்பத்திரியில் மாமா என்று கூப்பிடுகிறவர்களை அவர் நம்புவதில்லை. பிரியமாகப் பேசினால் பின்னாலேயே ஊசி வரும். முறைத்துப் பார்த்தார்.

அப்புறம்தான் ஆள் தெரிந்தது.

ஜெபா. முன்னால் அவர்கள் தெருவில் குடியிருந்த பிள்ளை. பத்தாவது வரை மகள் இசக்கியோடு ஒரே பெஞ்சு.

வெள்ளை உடுப்பு முகத்தையே மாற்றிவிடுகிறது.

"இசக்கி எப்படியிருக்கா மாமா?"

"இருக்கா."

வெளியேதான் இருக்கிறாள். ஆட்டோவிலிருந்து தாங்கிக் கூட்டிவந்தவள், உள்ளே நிற்பது யார் என்று பார்த்ததும் அவர் தோளை விட்டுவிட்டாள். "நீங்க போங்கப்பா. நான் இங்கனயே நிக்கேன்." உப்பில் வெடித்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

திரைத்துணிக்கு அந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

ஜெபா அவருடைய பெருவிரல் நகத்தை அமுக்கினாள். நகம் வெளுத்தது. விட்டாள். சிவப்பு ஓடி வந்தது.

அவர் அந்த நகத்தையே பார்த்தார்.

நேற்று பாத்தி வரப்பில் இசக்கியும் இதையேதான் செய்தாள். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையெல்லாம் காலில் ஊற்றிக் கழுவி, துப்பட்டாவைச் சுற்றி முடித்து, நகத்தை அமுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"வெட்டுப்பட்ட கால்ல என்னட்டி வெளாட்டு?" என்று கத்தினார்.

விளையாட்டு இல்லை போலிருக்கிறது. கட்டு இறுகாமல் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது.

இரண்டு பேரும் பத்தாவது முடித்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு நர்சிங் பிரிவு வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம் சரிப்படாது, கை வேலையில் கெட்டியான பிள்ளைக்கும் ஒரு வழி வேண்டும் என்று பெரிய டீச்சர் சொன்னார். இசக்கிக்கு அது பொருந்தும் என்றார்.

வேறு யார் யார் என்று கேட்டார் இவர். டீச்சர் பெயர்களைச் சொன்னார்.

"அத்தனையும் எங்க காலனிப் பிள்ளைகளால்லா இருக்கு. சரி, உங்க மக என்ன படிக்கா டீச்சர்?"

டீச்சர் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஜெபாவின் அம்மாவைக் குழாயடியில் நிறுத்தி, "சீழ்த்துணி அலசவா பிள்ளையப் பெத்த?" என்று கேட்டார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மகளை நர்சிங்கிலேயே சேர்த்தாள்.

இசக்கி ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார்ந்தாள்.

கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டார்.

ஆனால் அன்றைக்கு டீச்சரின் அறையில் இசக்கியும் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும்தான்.

பிசிக்ஸில் போயிற்று. திரும்ப எழுதினாள். திரும்பவும் போயிற்று. ஒருநாள் காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் உப்பளத்துக்கு வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

அப்படியானால் இந்தக் கட்டை எங்கே படித்தாள்?

கட்டில் கால்.

படிக்கிற காலத்தில், சாயங்காலமானால் ஜெபா நர்சிங் வகுப்பில் படித்த கட்டைக் காட்ட வீட்டுக்கு வருவாள். பழைய சேலைக் கிழிசலைக் கட்டில் காலில் சுற்றுவார்கள், அவிழ்ப்பார்கள், மறுபடி சுற்றுவார்கள். மகளுக்குத்தான் முதலில் கைவந்தது. ஜெபா அவளைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பரீட்சைய வச்சுக்கிட்டுக் கட்டிலுக்குச் சேல உடுத்துதியாட்டி?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் கிழிசலையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டார். ஜெபாவை இனிமேல் வரவேண்டாம் என்றார். துணி கருகிய நாற்றம் வீட்டை விட்டுப் போக வெகுநேரம் ஆனது.

"நல்ல கட்டு மாமா. இறுகவும் இல்ல, நழுவவும் இல்ல. அவுக்கவே மனசு வரல." ஜெபா நிமிர்ந்தாள். "துணிதான் துப்பட்டா, கட்டுனது படிச்ச கை. எந்த நர்சு கட்டுனது?"

என் மகள் என்று சொல்லலாம்.

சொன்னால் இவள் ஓடிப்போய்க் கூட்டிவருவாள். நல்ல பிள்ளை. இசக்கி அந்தக் கைகளோடு இந்த வெளிச்சத்தில் வந்து நிற்கவேண்டியிருக்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நர்சுதான்," என்றார். பக்கத்தில் இருக்கிறவளுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. "நல்ல நர்சு."

செருப்புச் சத்தம் நின்றது.

ஜெபா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி எழுந்தது. மெல்லப் படியிறங்கிப் போயிற்று.

ஜெபா குனிந்து கட்டை அவிழ்த்தாள். ரத்தம் காய்ந்த பச்சைத் துணியைச் சுருட்டி, குப்பைத் தொட்டியின் மூடியைக் காலால் அமுக்கித் திறந்தாள்.

"அதப் போட்டுராத."

"எரிக்கப் போற துணிதான மாமா."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.