மூக்குப் பாரம்

"யா அல்லாஹ், இந்த முறையாவது கவிழக் கூடாது!"

நாளைக்குப் போட்டி. மச்சானுக்குச் சொல்லாமல் எடுத்துவந்த இரட்டை உடம்பு ரிமோட் படகு, வேகமெடுத்தால் மூக்கைத் தூக்கி மல்லாந்துவிடுகிறது. "மூக்கில கனமா ஏதாவது ஒட்டு" என்று மனைவி ரிப்காவிடம் கத்திய ஹில்மி, அவள் ஒட்டி முடித்ததும் ரிமோட்டின் விசையை முழுக்க அழுத்தினான்.

படகு மூக்கைத் தூக்காமல், தூரத்தில் நேவிக் கப்பல்கள் நிற்கும் துறைமுகத் தண்ணீரில் நேராகப் பறந்தது.

"சரி வந்திட்டு!"

ரிமோட்டின் சிவப்பு விளக்கு மினுங்கி அணைந்தது. படகு திரும்பவில்லை, அழுத்திய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

"ரிப்கா, ரிமோட்டுக்கு வாங்கின புதுப் பற்றரி எங்க? கெதியாத் தா!"

அவள் படகைக் காட்டினாள். "கனமா வேறொண்டும் கிடைக்கல்ல. அதைத்தான் மூக்கில ஒட்டினனான்."

நேவிக் கப்பல்களை நோக்கி விரையும் படகைப் பார்த்து ஹில்மி இரு கைகளையும் ஏந்தினான்.

"யா அல்லாஹ், கவிழ்த்துப் போடு!"