பதினோரு சதவீதம்

"மெதுவாப் பேசுடி. உள்ளே உங்கப்பா வேலையா இருக்கார்."

மகள் பெட்டியைக் கூடத்திலேயே வைத்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரே சீராக ஓர் இரைச்சல்.

"அப்பா போய் ஆறு மாசம் ஆச்சும்மா."

"தெரியும். பக்கத்துல இருந்தவ நான்தானே." அம்மா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மகள் கதவைத் திறந்தாள். ஆள் இல்லாத நாற்காலி. மேசைக்கடியில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். வேலையில் வீட்டுக்கு ஓர் எண், வீட்டுக்கு வந்தால் ஒரே எண். இரண்டை இரண்டாலேயே பல கோடித் தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. எழுதினால் பீரோ கொள்ளாது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்தானா அது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஒரு தடவை சோதிக்கவே ஐந்து மாதம். இதற்கு முன் இருபது எண்கள் பார்த்தார். இருபதும் கையை விரித்துவிட்டன.

"உங்கம்மாவும் பகா எண்தான். யாருக்கும் வகுபட மாட்டா" என்று சிரிப்பார்.

திரையில் பதினோரு சதவீதம் என்றிருந்தது.

"அப்பா போன அன்னிக்கு தொண்ணூறுன்னு பார்த்தேனே?"

"பழைய மிஷின். அதுக்கும் மறதி வந்திருக்கும்."

திரையோரம் அப்பா கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள்: 'எது வந்தாலும் இன்னொரு தடவை ஓட்டு.' எந்த மீட்டரையும் இரண்டு தடவை படிக்காமல் எழுத மாட்டார். தெருவே கிண்டல் செய்யும்.

"காலையில கிளம்பறோம்மா. நீ இனிமே எங்கூடத்தான். இதை அணைச்சுடறேன்."

"இரு."

"எதுக்கு? ஊர்ல இருக்கிற அப்பா எல்லாரும் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தாங்க. எங்கப்பா இது முன்னாடி உக்காந்திருந்தார். என்ன கிடைச்சுது? தோத்துட்டுத்தான் போனார். நீயாவது ஒத்துக்கோயேன்."

அவள் குனிந்து சுவிட்சில் விரலை வைத்தாள்.

அம்மா காபியை மேசைமேல் வைத்தாள். ஆடை படிந்திருந்தது.

"தோக்கலை. ரெண்டு தடவையும் பகா எண்ணுன்னுதான் வந்துது."

விரல் அப்படியே நின்றது. மகள் திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ... இப்ப எதுக்கும்மா ஓடுது?"

"முடிஞ்சா சத்தம் நின்னுடுதுடி."