பெல்ட் இறுக்கம்

ஒட்டுசுட்டான் வயற்கரையில் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. பேச்சியம்மாவின் கிழட்டு ட்ரக்டரில், எஞ்சினுக்கும் லைற்றுக்குக் கரண்ட் தர மாற்றிப் பூட்டுகிற அல்டர்னேட்டருக்கும் நடுவே சரீப் நானாவின் வலக்கை அகப்பட்டிருக்கிறது. "உங்கட மெசினுக்கெண்டே பிறந்த சாமான் அக்கா" என்று நெளுக்குளத்துக் கடையில் சத்தியம் பண்ணி விற்றது அவன்தான். இங்கே வந்து பூட்டினால் அதைத் தாங்கும் பிடிதகடு ஒரு விரல் அளவு கட்டை. வியாபாரி வாய் தோற்கலாமா? பெல்ட் இறுகட்டும் என்று இரும்புக் கம்பியால் அல்டர்னேட்டரை வெளியே நெம்பிப் பிடித்துக்கொண்டு, துளை பொருந்துகிறதா என்று தடவக் கையை விட்டான்; கம்பி வழுக்கிக் கீழே விழ, அல்டர்னேட்டர் திரும்பி வந்து கையை நெரித்துக்கொண்டது. விரல்கள் வீங்கி நாவற்பழ நிறமாகின்றன. காட்டோரம் ஏதோ கிளை முறிகிறது. இன்றிரவு இந்த ட்ரக்டரின் லைற் எரியாவிட்டால், விளைந்த நெல் யானைக்குத்தான்.

"அக்கா, அந்தக் கம்பியை எடுத்து நெம்புங்கோ, கெதியா!"

பேச்சியம்மா கம்பியை எடுக்கிறாள். நெம்பவில்லை. குனிந்து, பெல்ட்டை ஒரு விரலால் அமுக்கிப் பார்க்கிறாள்.

"இப்பதான் சரியா இறுகியிருக்கு நானா. கைய எடுத்தா மறுபடி தொளதொளன்னு ஆயிருமே?"

"ஐயோ, கை போகுதக்கா!"

அவள் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ட்ரக்டரின் முன்சில்லோடு சாய்ந்து உட்காருகிறாள்.

"கைக்குப் பதிலா அந்த எடத்துல என்னத்த வைக்கலாம்னு சொல்லுங்க. அப்புறம் நெம்புறேன்."