குருவி எழுதிய வரி

“தன் தப்பை ஒத்துக்க இந்தம்மாவுக்கு மனசு வரல, அவ்வளவுதான்” என்று முணுமுணுத்தபடி, அவசரம் தன் நாற்காலியை மேடத்தின் மேசையருகே இழுத்துப் போட்டான். எதற்கெடுத்தாலும் பறப்பதால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் அது. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் சுறுசுறுப்பில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புரோகிராம் எழுதுகிறவர்கள் திருத்தத் திருத்த, ஒவ்வொரு பழைய பிரதியையும் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருளைத்தான் அங்கே தயாரித்தார்கள். அதில் ஒரு கோளாறு. ‘டெலிட்’ என்று கட்டளை கொடுத்தால் பழைய பிரதிகளை அழிக்கும், நியாயம். ‘நோ’ சேர்த்து ‘நோ-டெலிட்’ என்று அடித்தாலும் அழித்துத் தொலைத்தது.

அபூர்வமாக யாராவது அடிக்கிற கட்டளை. இதுவரை நாலு பேர் புகார் எழுதியிருந்தார்கள்; நாலையும் மேடமே ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலில் தள்ளிவிட்டிருந்தார். இன்று காலை ஐந்தாவதாக ஒரு ஆராய்ச்சி மாணவி, தன் இரண்டு வருட உழைப்பு போய்விட்டதென்று எழுதியிருந்தாள்.

“ஒரே ஒரு வரி மேடம். அது ‘நோ’வைக் கண்டுக்காமலே தாண்டிப் போயிடுது. மாத்திட்டேன். நீங்க ‘சரி’ கொடுத்தா இப்பவே போயிடும்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த வரியைத் தொடாம, மேல இன்னொரு வரி சேர்த்துச் சரிபண்ண முடியாதா தம்பி?”

“தப்பே அந்த வரியிலதானே மேடம்? அதை வச்சுக்கிட்டு மேல ஒட்டுப் போட்டா நாளைக்கு வேற எங்கயாவது உடையும்.”

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவசரத்துக்குச் சந்தேகமே இல்லை, எழுதியது இவரேதான். எந்த வரியின் மேல் சுட்டினாலும், அதைக் கடைசியாக எழுதியவர் பெயர் பக்கத்தில் வரும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாமென்று சுட்டினான். ‘குருவி’ என்று வந்தது.

“யாரு மேடம் இந்தக் குருவி?”

“இங்க வேலை பார்த்தவன். அன்னைக்கு வச்ச இட்லியைக்கூடத் தொடாம ஓடி வந்து எழுதினான். பசியில கவனிக்கலை போல.”

“நல்லாக் கவனிச்சாரு போங்க! ஒரு பொண்ணோட ரெண்டு வருஷம் போச்சு.”

மேடம் அந்த மாணவியின் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. “பாவம், அந்தப் பொண்ணு. நான் இதை என்னைக்கோ விட்டுக் கொடுத்திருக்கணும்” என்றவர், ‘சரி’யை அழுத்தினார்.

அவசரத்துக்கு வாயெல்லாம் பல். எதற்கும் இருக்கட்டுமென்று, குருவி எழுதிய வேறு வரிகள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடினான். ‘எதுவும் இல்லை’ என்றது திரை.

“பாருங்க மேடம், சுத்தமாத் துடைச்சாச்சு! ஆளாளுக்குத் திருத்தித் திருத்தி, மத்ததெல்லாம் முன்னாடியே போயிருக்கு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்திருக்கு.”

மேடம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து மேசையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவசரம் முதல் தடவையாக என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

“அவன் என் பையன், தம்பி. தவறி ஆறு வருஷமாச்சு. அவன் எழுதினதுல இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருந்தது அந்த ஒரு வரிதான்.”