அதே முறைப்பு

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்புற வரைக்கும் சமையல்கட்டை விட்டு வெளியே வராதே” என்றார் சக்திவேல்.

“பொண்ணைப் பெத்தவ நான். முகத்தைக்கூடக் காட்டக் கூடாதாங்க?” என்றாள் கஸ்தூரி.

“போன தடவை வந்தவங்க உன் முகத்தைப் பார்த்துதானே எழுந்து போனாங்க? அபிநயாவுக்கு இந்த எடமாவது அமையட்டும்.”

கஸ்தூரி கேசரியைக் கிளறினாள்.

மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பெண்ணைப் பிடித்துப்போனது. “சம்பந்தியம்மா எங்க?” என்று கேட்டபடியே மாப்பிள்ளையின் அம்மா சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டாள். கஸ்தூரியைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“நீங்க... சினிமாவுல வர்ற பேய்தானே?”

கஸ்தூரியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பின்னாலேயே ஓடிவந்த சக்திவேல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“டேய் கோபி, ஓடியாடா!” என்று மகனைக் கூப்பிட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. “போன மாசம் தியேட்டர்ல நம்மள வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சாங்களே, அந்தப் பேய் இவங்கதான்! கல்யாணத்தன்னிக்கு மேடையில ஒரு தடவ முறைச்சுக் காட்டணும் சம்பந்தி. எங்க ஜனமே திரண்டு வரும்!”

நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு வேன் கிளம்பியது.

“இத்தனை வருஷமா பேயா நடிச்சு எல்லாரையும் அலற வெச்ச. இப்போ மட்டும் எப்படிச் சிரிக்க வெச்ச?” சக்திவேலுக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

“நான் எதையும் மாத்தலீங்க. அதே வெள்ளைப் புடவை, அதே முறைப்புதான். பேய்ப் படத்தைச் சிரிப்புப் படமா மாத்தினவங்க நல்லா இருக்கணும்” என்று வாசலுக்கு வந்து, தூரத்தில் தெரிந்த கோயில் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள் கஸ்தூரி.