சுங்கத்தில் திறந்த நகைப்பெட்டி

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரை சீனி நைனா, மனைவி ருக்கையாவுக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கி வந்தான். மதுரையில் விமானம் இறங்கியதும் நேராகச் சுங்க அதிகாரியிடம் போனான்.

“நகை ஒண்ணு கொண்டாந்திருக்கேன் சார்.”

கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. விமானத்தில் ஏறிய பிறகுகூட ஒருமுறை திறந்து பார்த்திருந்தான். பை அவன் மடியை விட்டு இறங்கவே இல்லை.

“துபாய்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா தம்பி?” என்று அதிகாரி சிரித்தார்.

நைனா உடனே வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். திரையில் வந்த ருக்கையாவின் கழுத்தில் அந்தச் சங்கிலி கிடந்தது. அவனைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது.

“மச்சான், நீங்க எப்படி அங்கன?” என்றாள். “விடியும்போதே வந்து இதைப் போட்டுவிட்டீங்களே. இப்ப உள்ளதான தூங்குறீங்க?”

“பிள்ளை எங்க, ருக்கையா?”

“உங்க நெஞ்சு மேலதான் படுத்திருக்கா.”

“தூக்கிக்கிட்டு வெளிய ஓடு!” என்று நைனா கத்தினான்.

அவள் திரும்புவதற்குள் அறைக்கதவு திறந்தது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சீனி நைனா வெளியே வந்தான்.